காற்றெடுக்கும் பெட்டி

முதல் பெட்டி நாலு மாதம் ஓடியது.
வெள்ளை உடம்பு, நீல விளக்கு, ஒரு வருட உத்தரவாதம்.
உத்தரவாதம் கொழும்பில் இருந்தது.
செத்த அன்று திருகாணி கழற்றிப் பார்த்தேன்:
பம்பின் வாயில் உப்புப் பூத்து
நடுவே ஒரு செதிள்.

பிழை எனதுதான்,
அறக்குளாவைத் துடைக்காமல் பைக்குள் வைத்தது.
பதினாறு வருடம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்றவளுக்கு
உறிஞ்சும் எதற்கும் நடுவில்
ஒரு போத்தல் வேண்டுமென்று தெரியாதா?

இரேனியஸ் மீனைப் பாதியாய்த் தரமாட்டான்.
திருக்கடலூர் மணலில் நின்று
"எடுத்தா முழுசா எடுங்கோ மிஸ்ஸி" என்பான்.
எட்டுக் கிலோ.
வீட்டில் நானும் தயாபரனும்.
அவருக்கு இழுவைப் படகில் பத்து நாள், கட்டிலில் பத்து நாள்.
எனக்கு இரவும் பகலும் மாறி மாறி.
சும்மா பையில் கட்டி ஐஸில் போட்ட துண்டு
ஓரம் வெளுத்து, கறியில் பஞ்சாகி,
யாரும் யாரையும் குறை சொல்லாமல்
கோப்பை ஓரத்தில் ஒதுங்கும்.

மத்திய வீதியில் நியாஸ்தீனின் கடை.
வாசலில் ஒரு மான்
யாரோ வாங்கிய மின்விசிறியின் அட்டைப்பெட்டியைத்
தின்றுகொண்டிருந்தது.
கைப்பையில் ஈரப் பஞ்சும், ஒரு றாத்தல் பாணும்,
நாலைந்து பையும் கொண்டு போனேன்.

முதலாவது மெலிந்த அழகி.
மூடினால் தானே தொடங்கும், தானே நிறுத்தும்.
பாண் அப்பளமாய் வெளியே வந்தது.
நிறுத்தும் பொத்தான் என் விரலுக்கு வேண்டும் என்றேன்.
இரண்டாவது ஒட்டிய கோடு நூல்போல் இருந்தது,
நகத்தால் இழுத்தேன், பிரிந்தது.
மூன்றாவதை அவன் தூக்கும்போதே
முழங்கை நடுங்கியது.
வடிவில்லை. வாட்டில் மருந்து வைக்கும் தகரப் பெட்டிபோல.
பின்புறம் ஒரு சிறு தட்டுக் கழன்று வந்தது,
ஒழுகுவதைப் பிடிக்க.

அதுதான் என் போத்தல்.

ஈரப் பஞ்சை வைத்தேன். தண்ணீர் தட்டோடு நின்றது.
ஒட்டிய கோடு சுண்டுவிரல் நகத்தளவு அகலம்.
பத்துப் பை தொடர்ந்து ஒட்டச் சொன்னேன்.
பதினொன்றில் அதன் முதுகில் புறங்கை வைத்தேன்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல்.
இளஞ்சூடுதான்.

"இந்த றப்பர் தனியா விக்கிறீங்களா?
சூடாகிற கம்பி?"
நியாஸ்தீன் கணக்குப் புத்தகத்தை மூடினான்.
"விக்கிற சாமானைக் கேப்பாங்க.
பழுதாகிற சாமானைக் கேட்டது நீங்கதான்."
மாடிக்கு ஏறி, தூசியோடு இறங்கினான்,
இரண்டு றப்பர், ஒரு கம்பி.
எத்தனை வருடம் போகும் என்றதற்கு
வெளியே கையைக் காட்டினான்.
"கடக்காத்து, மேடம். அதுக்கு முன்னால
நான் வாக்குக் குடுக்க மாட்டன்."
அந்தப் பதிலுக்கே வாங்கினேன்.
முதல் பெட்டியின் இரண்டு மடங்கு விலை,
என் மூன்று மாத ஓவர்டைம்.

அன்று பின்னேரம் தயாபரன் பக்கத்தில் நின்று பார்த்தார்.
பை மீனில் ஒட்டியது, முள்ளின் வரி தெரிந்தது.
"பாவம், மூச்சு முட்டுது" என்றார்.
நான் சிரிக்கவில்லை.
இதே இரைச்சல்தான் அங்கேயும்.
அங்கே நீரை எடுப்போம், மூச்சு வரட்டும் என்று.
வியாழன் இரவு எடுத்து எடுத்தும் வராத
ஒரு மூச்சு இருந்தது.
அதைக் குசினி மேசைக்குக் கொண்டு வருவதில்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.
பொத்தானை அழுத்தினேன். கோடு ஒட்டியது.

கார்த்திகையில் கரண்ட் பத்தொன்பது மணித்தியாலம் போனது.
காற்றை எடுத்தால் குளிரையும் தருமென்று
பெட்டி எங்கேயும் சொல்லவில்லை.
இளகிப் போன ஏழு பையையும்
மூக்குக் கேட்காமல் குப்பையில் போட்டேன்.

திரும்ப ஒரு முழு மீன்.
வாட்டுப் பிளாஸ்டர் ஒட்டி எழுதினேன்:
நடுத்துண்டு, நான் இல்லாத புதன்.
தலை, நீங்கள் கடலில்.
அடியில் கிடந்த ஒன்றில் மட்டும்
ரெண்டு பேரும்.

ஞாயிறு விடிய வேலையால் வந்தேன்.
அந்தப் பை கழுவிக் கொடியில் காய்ந்தது.
"எழுத்து விளங்கேல்லை" என்றார்,
விரலை நக்கிக்கொண்டு.

அடுத்ததில் பெரிதாக எழுதியிருக்கிறேன்.